ரேடியோ மாமாவின் பிறைப் பேரேடு

எங்கள் ஊர் மதரஸாவின் கிதாபு அலமாரியில், துஹ்ஃபாவின் பாகங்களுக்கும் ஃபத்ஹுல் முயீனின் பழம் பிரதிகளுக்கும் இடையே, கிதாபு என்று சொல்ல இயலாத ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. சிவப்புத் துணி ஒட்டிய அட்டையுடைய நீண்ட கணக்குப் பேரேடு அது. திறந்து பார்த்தால் வரவுமில்லை, செலவுமில்லை. ஆண்டுதோறும் ஷஃபான் 29, ரமளான் 29 ஆகிய நாள்களின் மாலைப் பொழுதில் எந்த வானொலி நிலையம், எந்த நேரத்தில், பிறையைப் பற்றி என்ன அறிவித்தது என்பதும், அன்றிரவு எங்கள் ஜமாஅத் என்ன முடிவு கண்டது என்பதும் மட்டுமே அதில் பதிவாகியுள்ளன. எழுத்து அரபுத்தமிழ். எழுதியவர் ஆலிமல்லர், கடைத்தெருவில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்.

அன்னாரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மக்கள் கேட்டுக்கொண்டனர். எழுதினாலும் ஊரில் பலருக்கு விளங்காது. ‘ரேடியோ மாமா’ என்றால்தான் விளங்கும். கடற்கரையில் வலை இழுப்போர் ‘ரேடியோ பாய்’ என்பார்கள். அவர் வஃபாத்தாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நம் சமுதாய வரலாற்றை எழுதப் புகுவோர் வள்ளல்களையும் புலவர்களையும் மறவாது எழுதுகிறார்கள், அது நியாயமே. ஆனால் இராமநாதபுரம் கடற்கரையின் ஒரு தலைமுறை உலகச் செய்தியை எவ்வாறு கேட்டது, கேட்டதை எவ்வாறு நம்பியது, நம்பியதில் எங்கே தடுக்கி விழுந்தது என்பதை எழுத வேண்டுமாயின், இப்பேரேட்டையும் இதை எழுதியவரையும் விட்டுவிட்டு எழுத இயலாது.

மாமா தொழில் கற்றது கொழும்பில். அக்காலத்தில் எங்கள் பகுதி இளைஞர்களுக்குப் பிழைப்பென்றால் கொழும்புதான். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மீண்டும் ரயிலில் கொழும்பு. ‘போட் மெயில்’ எனப்பட்ட அந்தப் பயணம் எங்களவர்க்குச் சென்னைப் பயணத்தைவிடப் பழகிய ஒன்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அவ்வழியே போக்குவரத்து நடந்தது. மாமா சிறுவயதிலேயே சென்று புறக்கோட்டையில் உறவினர் ஒருவரின் துணிக்கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தார். பக்கத்துக் கடை வானொலிக் கடை. துணி மடிக்கும் நேரத்தைவிட அங்கே வால்வு மாற்றுவதை வேடிக்கை பார்த்த நேரம்தான் அதிகம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருடத்தில் துணிக்கடை முதலாளியே, “நீ அங்கேயே போய்விடு” என்று அனுப்பிவிட்டாராம்.

அவர் சென்று சேர்ந்த இடம் அத்தொழிலுக்கு ஏற்ற இடம். கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் 1924இல் அங்கே பரிசோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. நம் சென்னை இதற்குப் பிந்தியதல்ல. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் அமைந்த வானொலிச் சங்கம் 1924 ஜூலையிலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. ஆனால் பணமுடையால் அது 1927இல் நின்றுபோயிற்று. 1930இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. முறையான அரசு நிலையம் சென்னைக்கு 1938இலும் திருச்சிக்கு 1939இலும் வந்தன. கொழும்பின் நற்பேறு இரண்டாம் உலகப் போரால் வந்தது. நேச நாட்டுப் படையினர்க்காக அங்கே நிறுவப்பட்ட வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு மாறியது. ஆசியாக் கண்டத்தின் பெரும்பகுதியில் இலங்கை வானொலியின் குரல் கேட்டதற்கு அடிப்படை அதுதான்.

பிறகு நம் நாட்டு அமைச்சர் ஒருவரும் இலங்கை வானொலிக்கு உதவினார். தெரிந்து செய்த உதவியல்ல. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் இடமில்லாமற் செய்தார். கேட்பவர்களெல்லாம் கொழும்புக்குத் திரும்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டும் போனவர்கள் முழுதாகத் திரும்பவில்லை. எங்கள் ஊரிலோ திரும்ப வேண்டிய அவசியமே எழவில்லை. திரைப்பாட்டுக்காக மட்டுமன்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் முஸ்லிம் நிகழ்ச்சி என்று தனியாகவே நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கிராஅத், மார்க்க உரை, நாகூர் ஹனீஃபா போன்றோரின் பாடல்கள் ஆகியவற்றை வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னிருந்தபடியே கேட்க அது வழி செய்தது. பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழ் உச்சரிப்பைக் கேட்டு, “நம்ம பிள்ளை எப்படிப் பேசுது பார்” என்று பெருமைப்பட்டவர்கள் எங்கள் தெருவில் பலர். அவரை ஒருநாளும் கண்டிராதவர்கள் அவர்கள்.

மாமா 1950களில் ஊர் திரும்பிக் கடை வைத்தார். கடையென்றால் பத்தடிக்கு எட்டடி. மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், ஹெச்.எம்.வி. என்று சுவரெல்லாம் பெட்டிகள். வால்வு வானொலியைத் திருகியவுடன் பேசாது. அரை நிமிடம் சூடேற வேண்டும். பிறகு முகப்பில் சிறிய பச்சை வெளிச்சம் கண்விழிப்பதைப் போல் விரியும். நிலையம் சரியாகப் பொருந்தும்போது அப்பச்சை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து கூடும். சிறுவர்களாகிய நாங்கள் ஓதப் போகும் வழியில் நின்று பார்ப்பது அந்தப் பச்சைக் கண்ணைத்தான். தாமதமாகப் போய் ஹஜ்ரத்திடம் அடிவாங்கியதும் உண்டு.

கடலோரத்தில் வானொலி வைத்திருப்பது உள்நாட்டில் வைத்திருப்பதைப் போன்றதன்று. நன்மையும் அதிகம், தொல்லையும் அதிகம். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால் மத்திய அலை தரையின்மேல் செல்வதைவிடக் கடலின்மேல் வெகுதூரம் வலுக்குன்றாமல் வரும். ஆகவே பட்டப்பகலிலும் கொழும்பு எங்களுக்கு அடுத்த வீட்டுப் பேச்சைப் போலக் கேட்கும்; திருச்சி சில நாள்களில் இருமும். ஆனால் அதே உப்புக்காற்று பெட்டிக்குள் புகுந்து கம்பிகளைப் பச்சைக்களிம்பு ஏற்றிவிடும், காகித மின்தேக்கிகளை ஊதிப்போகச் செய்யும், முள்ளை நகர்த்தும் டயல் நூலை இற்றுப்போக வைக்கும். மாமாவின் வேலையில் பாதி இந்த உப்போடு போராடியதுதான். இரு கம்பங்களுக்கிடையே செப்பு வலை ஏரியல் கட்டுவதும், பூமிக் கம்பியைக் கரியும் உப்பும் இட்ட குழியில் புதைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் அவர் கைவழக்கம். “உப்பு உள்ளே வந்தால் கேடு, மண்ணுக்குள்ளே போனால் நல்லது” என்பார்.

அந்நாளில் வானொலி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் நிலையத்தில் ஆண்டுக்கட்டணம் செலுத்தினால் சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரையிட்டுத் தருவார்கள். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டாதவரின் பெட்டியை மாமா தொட மாட்டார். இதனால் வாடிக்கையாளர் சிலரை இழந்தார். வட்டித் தொழில் செய்த ஒருவர் பெட்டியையும் அவர் தொடாததால் இழந்தது அதைவிட அதிகம். 1980களின் நடுவில் அரசு அந்த லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டது. அப்போது பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

டிரான்சிஸ்டர் பரவியபின் வால்வுப் பெட்டிகளை மக்கள் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மாமா அவற்றை எடைக்கு எடை பணம் கொடுத்து வாங்கினார். விற்பதற்கல்ல. பழுது நீக்கி, தேக்குப் பலகையை மெருகிட்டு, அடுக்கி வைத்தார். அது கிறுக்கு என்று ஊர் சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன்.

கடையில் இரவு நேரத்தில் சிற்றலையில் அரபு நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கிராஅத் கேட்பது அவருடைய பெருவிருப்பம். வானொலியில் ஓதுவது கூடுமா என்னும் மஸ்அலா நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. 1934 மே 31இல் எகிப்து அரசு வானொலி தொடங்கியபோது முதலில் ஓதியவர் ஷைகு முஹம்மது ரிஃப்அத் (ரஹ்) அவர்கள். ஓதுமுன் அஸ்ஹரின் உலமாக்களிடம் ஃபத்வா கேட்டுத் தெளிந்த பின்னரே அவர்கள் அதற்கு இசைந்தார்கள். 1950இல் அன்னார் வஃபாத்தான பிறகு நமக்குக் கிடைத்த கிராஅத்துகளில் பெரும்பாலானவை நிலையம் சேமித்தவையல்ல. ஜகரிய்யா பாஷா மஹ்ரான் போன்ற அபிமானிகள் தங்கள் வீட்டில் வானொலியிலிருந்து இசைத்தட்டில் பதிந்து வைத்தவை. இச்செய்தியை நான் அரபுப் பத்திரிகை ஒன்றில் வாசித்து மாமாவிடம் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தப் பாஷாவையும் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்” என்றார். எனக்கு முகம் சுருங்கிற்று.

இனிப் பிறைக்கு வருவோம்.

எங்கள் கடற்கரை ஷாஃபிஈ மத்ஹபு. ஓர் ஊரில் பிறை கண்டால் அதன் சட்டம் அருகிலுள்ள ஊரையும் சாரும், தொலைவிலுள்ள ஊரைச் சாராது என்பது நம் மத்ஹபின் உறுதியான கருத்து. மதீனாவிலிருந்து குரைபு என்பவர் ஷாமுக்குச் சென்றபோது அங்கே வெள்ளி இரவில் பிறை கண்டதையும், அவர் திரும்பி வந்து சொன்னபோது, ‘நாங்கள் சனி இரவில் கண்டோம், அதன்படியே நோற்போம்’ என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிவிட்டதையும் சொல்லும் முஸ்லிம் ஷரீஃபின் ஹதீஸ் இதற்கு ஆதாரம். தொலைவென்பது எது? பயணத் தொழுகையைச் சுருக்கும் தூரம் என்றார்கள் இமாம் ராஃபிஈ (ரஹ்). உதயத் தலம் வேறுபடுவதே தொலைவு என்பதுதான் மிகச் சரி என்று மின்ஹாஜில் திருத்தினார்கள் இமாம் நவவீ (ரஹ்). உள்நாட்டிலுள்ள ஹனஃபி சகோதரர்களின் மத்ஹபிலோ இவ்வேறுபாடு கணக்கில் கொள்ளப்படாது என்பதே ளாஹிரான ரிவாயத்து.

இவையெல்லாம் கிதாபில் தெளிவாக இருப்பவை. வானொலி வந்து இத்தெளிவைக் கலக்கியது. சாட்சி சொல்பவன் காஜியின் முன் நேரில் நிற்க வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல் நிற்கவில்லை. அது யாரென்றும் தெரியாது. ஆகவே வானொலி சாட்சியாகாது என்று ஆலிம்கள் சொன்னார்கள். சரியே. ஆனால் 29ஆம் நாள் மாலையில் மேகம் மூடியிருக்க, ஊரெல்லாம் ரேடியோ மாமாவின் கடை வாசலில் கூடிநிற்கும். இந்தக் கூட்டத்துக்கு மஸ்அலா சொல்வது யார்?

1980களின் நடுவில் ஒரு ரமளான். நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த பருவம். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். 29 மாலை, மேற்கே கருமேகம். சென்னையிலிருந்து பிறைச் செய்தி இல்லை. இஷாவுக்குப் பிறகு கொழும்பில் பிறை தெரிந்ததென்று இலங்கை வானொலி அறிவித்தது. கடை வாசலில் நின்ற இளைஞர்கள் தக்பீர் முழங்கினார்கள். பத்து நிமிடத்தில் தெருவெல்லாம், “ரேடியோ மாமா சொல்லிட்டாங்க, நாளைக்குப் பெருநாள்” என்று பரவிவிட்டது. சில வீடுகளில் உரலில் மாவிடிக்கும் சத்தம் எழுந்தது. பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடி, ஊரில் காணவில்லை, முப்பது பூர்த்தி என்று முடிவு செய்து நகராவை அடிக்காமல் விட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள், ‘நம் பிள்ளைகள் அங்கே பெருநாள் தொழும்போது நாம் இங்கே நோன்பா?’ என்று முறுக்கிக்கொண்டன. விடிந்தபோது ஒரே தெருவில் ஒரு வீட்டில் வட்டிலப்பம், எதிர்வீட்டில் நோன்பு. சம்பந்திகள் பேச்சை நிறுத்தினார்கள். பிளவு ஆறுவதற்கு அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் ஆயிற்று.

பழி மாமாவின் தலையில் விழுந்தது. ஜமாஅத்தார் அழைத்து விசாரித்தபோது, நிலைப்படியருகே நின்று அவர் சொன்னது ஒன்றுதான்: “நான் கேட்டதைச் சொன்னேன். பார்த்ததாகச் சொல்லவில்லை.”

இளம் மாணவனுக்குரிய மிடுக்குடன் நான் மறுநாள் அவர் கடைக்குச் சென்று, வானொலிச் செய்தி ஷஹாதத்து ஆகாது என்பதை இபாரத்துடன் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரில் மாட்டியிருந்த நிலப்படத்தின்மேல் டயல் நூலொன்றை எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் பிடித்து அளந்தார். அதே நூலைச் சென்னைப் பக்கம் திருப்பினார். நூல் பாதிவழியைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. கொழும்பு எங்களுக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர்; சென்னையோ ஏறத்தாழ 450.

“தம்பி, பக்கத்து ஊர்ப் பிறைதான் சட்டம்னு ஓதியிருக்கியே. பக்கம் எது?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விடவில்லை. “பெட்டி சாட்சி இல்லேங்கிறே. சரி. அந்தக் காலத்துல மினாராவுல விளக்கு ஏத்துனா ஜனங்க நோன்பு புடிச்சாங்கன்னு ஹஜ்ரத்து பயான்ல சொன்னாங்க. அந்த விளக்கெண்ணெயா சாட்சி சொல்லிச்சு?”

கல்லூரி திரும்பியதும் முதல் வேலையாகத் துஹ்ஃபாவைப் புரட்டினேன். மினாராக்களில் தொங்கவிடப்படும் விளக்குகளை நம்பத்தகுந்த அடையாளமாக இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) குறிப்பிட்டிருந்தார்கள். ஹனஃபி நூலான ரத்துல் முஹ்தாரில், நகரத்திலிருந்து பீரங்கி ஒலியைக் கேட்டாலும் விளக்கைக் கண்டாலும் கிராமத்தார் மீது நோன்பு கடமையாகும் என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதியிருந்தார்கள். விளக்கோ பீரங்கியோ சாட்சியல்ல. சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளித்த காஜியின் தீர்ப்பை ஊருக்கு எட்டச் செய்யும் கருவி. எங்கள் பள்ளியின் நகராவும் அத்தகையதே. அப்படியானால் வானொலியும் அதுவே. கேள்வி, ‘பெட்டியை நம்பலாமா?’ என்பதன்று. ‘எந்தக் காஜியின் விளக்கு இது? அவருடைய தீர்ப்பு நம் ஊர் மீது செல்லுமா?’ என்பதே கேள்வி. கொழும்புப் பள்ளியின் தீர்ப்பு கொழும்பு ஜமாஅத்துக்கு. அது எங்கள் காஜியார் முன் செய்தியாக வரலாம். உதயத் தலம் ஒன்றென்று கண்டு அவர் ஏற்றால், அதன்பின் அது எங்களுக்கும் சட்டம். அவரைத் தாண்டி நேரே கடைத்தெருவுக்கு வந்ததுதான் அன்றிரவின் குற்றம். இதை நான் கிதாபில் கண்டு பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நூலைப் பிடித்து அளந்தவர் அதற்குள் நடைமுறையில் தீர்வு கண்டுவிட்டிருந்தார்.

அடுத்த ஆண்டு முதல் 29ஆம் நாள் மாலை அவர் கடை அடைக்கப்பட்டது. நல்லதொரு பிலிப்ஸ் பெட்டியைத் தலைச்சுமையாகக் காஜியார் வீட்டுக்குக் கொண்டுபோவார். திண்ணையில் ஏரியல் கட்டி, இருவரை உடன் வைத்துக்கொண்டு சிறிய சத்தத்தில் கேட்பார். கேட்டதைக் காஜியாரிடம் மட்டும் சொல்வார். காஜியார் முடிவு சொன்ன பிறகு மோதினார் நகரா அடிப்பார். அதுவரை வாசலில் நின்று எவர் கேட்டாலும், “இன்னும் தேடிட்டிருக்கேன்” என்பதே பதில். சென்னைத் தலைமைக் காஜியின் அறிவிப்பும் கொழும்புச் செய்தியும் வேறுபட்ட ஆண்டுகள் பேரேட்டில் பல உள்ளன. ஆனால் ஊர் இரண்டுபட்ட ஆண்டு அதன்பின் அவர் காலத்தில் இல்லை.

பேரேட்டின் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சீன் என்றோ நூன் என்றோ ஓர் எழுத்து உண்டு. நான் முதலில் அது நிலையத்தின் அடையாளம் என்று எண்ணினேன். பின்னர்தான் விளங்கிற்று. சீன் என்றால் ‘ஸமிஃது’, தாமே காதால் கேட்டது. நூன் என்றால் ‘நக்ல்’, பிறர் கேட்டு வந்து சொன்னது. ஹதீஸ் கலையில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஓதும் பாகுபாட்டை, ஜும்ஆ பயானில் கேட்டதைக் கொண்டு, அவர் தம் கடைப் பேரேட்டில் நடத்திவந்தார். ஊர் பிளந்த அந்த ஆண்டின் வரி இதோ: ‘கொழும்பு: பிறை (சீன்). ஊர்: முப்பது. வீட்டில் நோன்பு.’ அதன்கீழே சிறிய எழுத்தில், ‘சத்தத்தைக் குறைத்திருக்கலாம்.’ தம் காதால் கொழும்புப் பிறையைக் கேட்டவர், மறுநாள் ஜமாஅத்துடன் நோன்பிருந்தார் என்பது அதை வாசிக்கும்வரை எனக்குத் தெரியாது.

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இல் தொலைக்காட்சி தொடங்கியது எங்களுக்குச் செய்தியாக மட்டுமே இருந்தது. அதன் அலை எங்கள் பக்கம் எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் நிலைமை மாறியது. உயர்ந்த சவுக்குக் கம்பங்களில் அலுமினியக் குழாய் ஆன்டெனாக்கள் முளைத்து, எல்லாம் தெற்கு நோக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றன. முதலில் கட்டிக்கொடுத்தவர் மாமாதான். டயனோரா, சாலிடேர் பெட்டிகள் அவர் கடைக்கும் வந்தன. நன்றாகவே பழுது பார்த்தார். ஆனால் ஒன்றைக்கூடத் தம் அலமாரியில் அடுக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்த நாள்களில், படம் காட்டும் பெட்டியை விட்டுவிட்டு ஊரார் மீண்டும் அவருடைய வானொலியைச் சூழ்ந்து நின்றனர். கொழும்பிலிருந்த பிள்ளைகளின் நிலை தெரியாமல் தாய்மார் கடை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவ்விரவுகளைப் பற்றிப் பேரேட்டில் எதுவும் இல்லை. பிறை தவிர வேறொன்றையும் அவர் அதில் எழுதியதில்லை.

வஃபாத்துக்குப் பின் பிள்ளைகள் பெட்டிகளை விற்றுவிட்டார்கள். கடையிருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். காஜியார் வீட்டுத் திண்ணைக்குச் சுமந்த பிலிப்ஸ் பெட்டி ஒன்றும் பேரேடும் மதரஸாவுக்கு வந்தன. கடைசி ஆண்டுகளில் மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் கையெழுத்தில் உள்ள இறுதி வரி, எழுத்துக் கோணி, மை கசிந்து இவ்வாறு இருக்கிறது: ‘கொழும்பு: பிறை இல்லை (நூன்). என் காதில் விழவில்லை. இளையவன் கேட்டுச் சொன்னான்.’